மூன்றாவது ஆசிலேட்டர்

இருநூற்றுப் பதினான்காம் எண் ஒலித்து அடங்கியதும், அறையில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்துவிட்டார்கள். எடுக்காதவள் குவபாரா ரிட்சுகோ ஒருத்திதான். அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

ஹமாமட்சுவில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு இசைக்கருவிக் கம்பெனியின் வாசலில்தான் விழ வேண்டும். தோகிவா ஒலிக்கூடம் அவற்றில் மிகச் சிறியது. அங்கே மரமும் இல்லை, கம்பியும் இல்லை, வார்னிஷ் வாசனையும் இல்லை. பதினோரு பேர், பதினோரு கணினி, பாதி நாள் மக்கர் பண்ணும் ஒரு காபி இயந்திரம். அவர்கள் விற்பது 'சஸனாமி' என்ற மென்பொருள், அதாவது கணினிக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு சின்தசைசர். திரையில் அறுபத்திரண்டு குமிழ்கள் தெரியும். மூன்று ஆசிலேட்டர்கள் அலையைப் பிறப்பிக்கும், ஃபில்டர் அதன் கூர்மையைச் சீவும். ஒலி எழ எத்தனை நேரம், மறைய எத்தனை நேரம், விரல் ஓங்கி விழுந்தால் என்ன, பட்டும் படாமலும் விழுந்தால் என்ன என்று எல்லாவற்றுக்கும் ஒரு குமிழ் உண்டு. வாங்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அந்தக் குமிழ்களைத் தொடுவதே இல்லை. உள்ளே தயாராக இருக்கும் அறுநூறு ஒலிகளில் ஒன்றைத் தட்டி வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த அறுநூறையும் சமைக்கும் குழுவுக்கு ரிட்சுகோதான் தலைவி. சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது.

புதிய பதிப்பு வருவதற்கு முன் எல்லா ஒலிகளையும் பெயர் இல்லாமல், வெறும் எண்ணோடு ஓட விடுவார்கள். கேட்கிறவர்கள் ஐந்து பேர். பிடித்திருந்தால் காகிதத்தில் அந்த எண்ணுக்கு எதிரே அவரவர் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் குத்த வேண்டும். ஐந்து முத்திரையும் வாங்கும் ஒலிதான் வாசல் ஒலி. மென்பொருளைத் திறந்ததும் உலகம் முழுக்க முதலில் கேட்பது அதுதான். அதற்குக் கீழே, செய்தவர் பெயர் சின்ன எழுத்தில் வரும். மூன்று பதிப்பாக அந்தச் சின்ன எழுத்து 'குவபாரா ரிட்சுகோ' என்றே இருந்தது. விரலின் எடைக்கு ஏற்ப மெல்ல மெல்லத் திறக்கும் அவளுடைய ஒலிகளுக்கு 'குவபாரா மென்மை' என்று பத்திரிகைக்காரர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். அவள் அந்தப் பெயரை வெளியே மறுப்பாள், உள்ளே தினமும் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

இப்போது ஒலித்ததிலும் அதே மென்மை இருந்தது. ஆனால் இருநூற்றுப் பதினான்கு அவள் செய்ததில்லை.

"குவபாரா-சான், உங்க முத்திரை மட்டும் பாக்கி" என்றார் மிசோகுச்சி. நிறுவனத்தின் தலைவர். எல்லோரும் அவரை ஷாச்சோ என்றுதான் அழைப்பார்கள். "இதுவும் உங்களோடதுதானே? கூச்சப்படாம குத்துங்க."

"என்னோடது இல்ல, ஷாச்சோ."

"இல்லையா?" அவர் பட்டியலின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "அட, நிஷிவாகி-சானோடது! பரவாயில்லையே மனுஷன்."

நிஷிவாகி கான்ஜி நாலு மாதத்துக்கு முன் ஒப்பந்தத்தில் வந்தவர். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் பியானோ சுதி சேர்ப்பவராக இருந்துவிட்டு, மணிக்கட்டு வலி வந்து, கணினிப் பக்கம் திரும்பியவர். ஒப்பந்த ஊழியர்களுக்கு முத்திரை குத்தும் உரிமை கிடையாது என்பதால் அவர் அறைக்கு வெளியே தன் மேஜையில் உட்கார்ந்து மிகான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு வழியே ரிட்சுகோ அவரைப் பார்த்தாள். தோலை ஒரே சுருளாக உரித்து, மடித்து, கைக்குட்டையில் வைக்கிற ஆள். இவ்வளவு அடக்கமாக இருக்கிறவர்களை அவளால் எப்போதும் நம்ப முடிந்ததில்லை.

அவள் முத்திரை குத்தவில்லை. "ஒரு வாரம் டைம் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

தன் மேஜைக்கு வந்து இருநூற்றுப் பதினான்கைத் திறந்து குமிழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதல் ஆசிலேட்டரில் ஊதல் மாதிரி ஒரு அலை. இரண்டாவதில் மணி மாதிரி ஒன்று. மூன்றாவதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

மூன்றாவது ஆசிலேட்டர் அணைக்கப்படவில்லை. அதன் சத்தம் மட்டும் பூஜ்யத்துக்கு இறக்கப்பட்டிருந்தது. காதுக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் கேட்காத அந்த ஆசிலேட்டர், சுதியில் பதின்மூன்று சென்ட் கீழே இறக்கியும் வைக்கப்பட்டிருந்தது. சென்ட் என்பது ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை நூறு கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறு. அதுபோக, பத்து விநாடிக்கு ஒருமுறை ஆடும் ஒரு மெதுவான அலை, எந்தக் குமிழோடும் இணைக்கப்படாமல் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

ரிட்சுகோ செய்த ஒவ்வொரு ஒலியிலும் இந்த இரண்டும் இருக்கும். 'வெற்று-ரி' என்று ஒரு கோப்பு வைத்திருந்தாள். எந்த ஒலியையும் அதிலிருந்துதான் தொடங்குவாள். கேட்காத பதின்மூன்று சென்ட்டும், எங்கும் சேராத பத்து விநாடியும் அதில் இருந்தன. அவற்றை எடுக்கவும் தோன்றியதில்லை, ஏன் இருக்கின்றன என்று கேட்கவும் தோன்றியதில்லை. கையெழுத்தில் வரும் கோணல் மாதிரி அது அவளுடையது. பூமியில் இன்னொருவர் இதே எண்களைத் தற்செயலாக வைத்தார் என்பதை நம்பச் சொன்னால், அது காதில் பூச்சுற்றுகிற வேலை.

"சேனா, கொஞ்சம் வா" என்று கூப்பிட்டாள்.

சேனா சஸனாமியின் எஞ்சினை எழுதுகிறவள். முப்பத்து நான்கு வயது. யாரைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நினைப்பவள் போலப் பேசுவாள். திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஓ! வீட்டுக்குள்ள வந்து பழத்தைத் திருடினவன் தோலையும் அங்கேயே போட்டுட்டுப் போயிருக்கான்."

"கிண்டல் பண்ணாத. என் கோப்பை அவர் திறந்திருக்காரான்னு பாக்க முடியுமா?"

"முடியும். ஆனா அது நல்ல பழக்கம் இல்ல."

"சேனா."

"சரி சரி, பாக்கறேன். முறைக்காதீங்க, பயமா இருக்கு."

சர்வரின் பதிவேட்டைப் பார்க்கக் கால் மணி நேரம் ஆனது. நிஷிவாகி அவளுடைய கோப்புறையைத் தொட்டதில்லை. ஆனால் 'பழையவை' என்ற கோப்புறையை மூன்று தடவை திறந்திருந்தார், மூன்றும் காலை எட்டு மணிக்கு முன்னால், அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரத்தில். பழையவையில் முதல் பதிப்பின் குப்பை எல்லாம் கிடந்தது. ரிட்சுகோவின் ஆரம்பகால ஒலிகளும் அதில் சில உண்டு.

"போதுமா?" என்றாள் சேனா.

"போதும்" என்றாள் ரிட்சுகோ. உண்மையில் போதவில்லை. சந்தேகத்துக்கு எப்போது போதும் என்று இருந்திருக்கிறது?

அந்த வாரம் முழுக்க அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் கவனித்தாள். அவர் பக்கமாக நடந்தால் மடிக்கணினியின் மூடியை முக்கால்வாசி இறக்குகிறார். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைக்கிறார், ஒலி வெளியே கசியக் கூடாது என்கிற மாதிரி. யாராவது அவருடைய ஒலியைப் பாராட்டினால் "சும்மா, பழைய பழக்கம்" என்கிறார். பழைய பழக்கமாம்! யாருடைய பழக்கம் என்று கேட்க அவளுக்கு நாக்குத் துறுதுறுத்தது.

வியாழக்கிழமை மதியம் அலுவலகத்துக்கு எதிரே உள்ள கியோசா கொழுக்கட்டைக் கடையில் அவளே போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். வெளியே குளிர்காலத்தின் காய்ந்த காற்று கடையின் தொங்கல் துணியைக் கிழித்துவிடுவதுபோல அடித்துக்கொண்டிருந்தது. தட்டில் வட்டமாக அடுக்கிய கியோசாக்களுக்கு நடுவே வெந்த முளைப்பயறு குவிந்திருந்தது. அவர் முதலில் பயறைத் தின்று நடுவைக் காலி செய்தார்.

"நிஷிவாகி-சான், இருநூற்றுப் பதினாலு ரொம்ப நல்லா வந்திருக்கு."

"ரொம்ப நன்றி. உங்க வாயால கேக்கறது பெரிய விஷயம்."

"எதுலேருந்து ஆரம்பிச்சீங்க? கம்பெனியோட வெற்றுக் கோப்பிலேருந்தா?"

அவருடைய சாப்பாட்டுக் குச்சிகள் நின்றன. "இல்ல. அது ரொம்பக் கத்தும். என்கிட்ட ஒண்ணு இருக்கு. நானே வெச்சிருக்கறது."

"எப்போ செஞ்சது?"

"ரொம்ப நாளாச்சு." அவர் சோயா சாஸைக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். பிறகு தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "குவபாரா-சான், முதல் பதிப்பு சமயத்துல வெளியாட்கள்கிட்டேருந்து ஒலிகள் அனுப்பச் சொல்லி அறிவிச்சாங்க இல்லையா? அதையெல்லாம் யார் உக்காந்து கேட்டாங்க?"

ரிட்சுகோ நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இவனுக்கு எதற்கு இது? எந்தக் கோப்பு யாருடையது என்று நினைவிருக்கும் ஆள் இன்னும் இங்கே இருக்கிறாரா என்று ஆழம் பார்க்கிறான். அவளுக்குள் அவர் 'அவர்' என்பதிலிருந்து 'அவன்' ஆனது அந்த நிமிடத்தில்தான்.

"ஞாபகம் இல்ல" என்றாள். "பன்னிரண்டு வருஷம் ஆச்சே. யாரோ அப்போ இருந்தவங்க."

"அப்படியா" என்றார் அவர்.

மறுநாள் காலை அவள் ஷாச்சோவுக்கு எழுத்தில் புகார் கொடுத்தாள். ஒரே பக்கம். இருநூற்றுப் பதினான்காம் ஒலி தன்னுடைய அடிப்படைக் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது, அதற்கான அடையாளங்கள் இவை, இதை என் பொறுப்பில் சொல்கிறேன். கீழே தன் பெயர் முத்திரையை நேராக, அழுத்தமாகக் குத்தினாள்.

மிசோகுச்சி அதை இரண்டு தடவை படித்தார். "இது உண்மைன்னா மார்ச்சோட அவரை அனுப்பிட வேண்டியதுதான். இந்த ஊர்ல நாம அனுப்பின ஆளை இன்னொருத்தர் எடுக்க மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"உறுதியா சொல்றீங்களா?"

"முத்திரை குத்தியிருக்கேனே, ஷாச்சோ."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு பேர் கூடினார்கள். மிசோகுச்சி, ரிட்சுகோ, சேனா, நிஷிவாகி. பெரிய திரையில் இடப்பக்கம் ரிட்சுகோவின் வெற்றுக் கோப்பும் வலப்பக்கம் இருநூற்றுப் பதினான்கும் தெரிந்தன. ரிட்சுகோ எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினாள். விரலுக்கு ஃபில்டர் திறக்கும் வளைவு, புள்ளிக்குப் புள்ளி ஒன்றே. மூன்றாவது ஆசிலேட்டர், சத்தம் பூஜ்யம், பதின்மூன்று சென்ட் கீழே. எங்கும் இணையாத பத்து விநாடி அலை.

"நிஷிவாகி-சான், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் மிசோகுச்சி.

நிஷிவாகி திரையை வெகுநேரம் பார்த்தார். மாட்டிக்கொண்டவனின் முகத்தில் ஈயாடாது என்பார்கள். இவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. தொலைந்த குடை யார் வீட்டிலோ மாட்டியிருப்பதைப் பார்க்கிறவரைப் போல இருந்தார்.

"அந்த மூணாவது ஆசிலேட்டர் என்னோட பழக்கம்" என்றார்.

ரிட்சுகோவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. என்ன துணிச்சல்!

"பழக்கம்னா?" என்று கேட்டாள் சேனா.

"சோதனைப் பதிப்புல ஆசிலேட்டரை அணைச்சா 'டிக்'னு ஒரு சத்தம் வரும். வாசிக்கும்போது அசிங்கமா இருக்கும். அதனால நான் அணைக்க மாட்டேன், சத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிடுவேன்."

சேனாவின் புருவம் ஏறியது. "அந்த 'டிக்' உண்மைதான். எனக்கு முன்னாடி இருந்தவர் அதைச் சரி பண்ணின குறிப்பு கோட்ல இருக்கு. கடைக்கு வந்த பதிப்புல அது கிடையாது."

"பதிமூணு சென்ட்?" என்றார் மிசோகுச்சி.

"எங்க வீட்டுப் பியானோல நடு 'லா' சுரத்துக்கு மூணு கம்பி. அதுல ஒண்ணு எவ்வளவு இழுத்தாலும் பதிமூணு சென்ட் கீழ இறங்கிடும். ஊரெல்லாம் சுதி சேக்கறவன் வீட்டுல இப்படி ஒரு பியானோன்னு என் பெண்டாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அந்தக் கம்பியைத்தான் மூணாவதுல வெச்சேன். தேவைப்படும்போது ஏத்திக்கலாம்னு."

"அந்தப் பத்து விநாடி அலை?"

நிஷிவாகி தலையைச் சொறிந்தார். "அது ஏன்னு எனக்கே மறந்துபோச்சு."

பிறகு சேனா நாற்காலியைத் திருப்பி ரிட்சுகோவைப் பார்த்தாள். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் ரிட்சுகோவைப் பயமுறுத்தியது.

"ரிட்சுகோ-சான், உங்களோடதுல அது ஏன் பதிமூணு?"

ரிட்சுகோ திரையைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் பதின்மூன்று? பன்னிரண்டு வருடமாக ஆயிரம் ஒலிகளுக்கு அடியில் அதை வைத்திருக்கிறாள், ஒரு நாள்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. ஏன் அணைக்காமல் இறக்கி வைத்தாள்? அவள் சேர்ந்தபோது கடைக்குப் போகும் பதிப்பு தயாராகிவிட்டிருந்தது. அதில் 'டிக்' இல்லை.

"அது... என் பழக்கம்" என்றாள். தன் காதுக்கே அது உப்புச் சப்பில்லாமல் கேட்டது.

சேனா இரண்டு கோப்புகளையும் வேறொரு ஜன்னலில் திறந்தாள். "எந்தக் கோப்பும் முதல்ல சேமிக்கப்படும்போது எஞ்சின் உள்ளுக்குள்ள ஒரு பிறப்பு எண்ணை எழுதிடும். அப்புறம் எத்தனை தடவை வேற பேர்ல சேமிச்சாலும் அது மாறாது." விசையைத் தட்டினாள். "ரெண்டுக்கும் ஒரே எண். இருநூத்தி முப்பத்தொண்ணு."

"அப்படின்னா இவரோடது அவங்களோடதுலேருந்து வந்ததுதானே?" என்றார் மிசோகுச்சி.

"இல்ல, அவங்களோடது இவரோடதுலேருந்து வந்திருக்கலாம். இவ்வளவு சின்ன எண் சோதனைப் பதிப்பு எண்ணாத்தான் இருக்கும். அப்போ வெளியாட்களுக்கு ஆளுக்கொரு எண் போட்டுக் குடுத்தாங்களாம். இருநூத்தி முப்பத்தொண்ணு யாருன்னு பட்டியல் இருந்தா முடிஞ்சிது."

"நிஷிவாகி-சான், உங்ககிட்ட ஏதாவது இருக்கா? கடிதம், ரசீது?"

"வீடு மாறும்போது போயிடுச்சு." அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "நாப்பது ஒலி அனுப்பினேன். எதுவும் தேறலைன்னு ஒரு கடிதம் வந்துது. கடைக்கு வந்தப்புறம் ஒரு நாள் வாசல் ஒலியைக் கேட்டேன். விரல் வெச்ச உடனே இது என்னோடதுன்னு கைக்குத் தெரிஞ்சுபோச்சு. யார்கிட்ட சொல்ல? அதான் இங்க வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னதும் வந்தேன். என் நாப்பதும் எங்கயாவது கிடக்கான்னு பாக்கலாம்னு."

பழையவை கோப்புறை. காலை எட்டு மணி. இறக்கிய மூடி. ரிட்சுகோ ஒரு வாரமாகக் கட்டி வைத்திருந்த சுவர் ஒவ்வொரு செங்கலாக உருவப்பட்டது.

மிசோகுச்சி பெருமூச்சு விட்டார். "அந்தக் காகிதமெல்லாம் இப்போ எங்க இருக்கப்போகுது! மூணு மணிக்கு மறுபடி கூடுவோம். அதுக்குள்ள எதுவும் கிடைக்கலைன்னா..." ரிட்சுகோவின் பக்கம் தலையை அசைத்தார். "நாலு மாசம் ஒரு பக்கம், பன்னிரண்டு வருஷம் ஒரு பக்கம். உங்க வார்த்தை போதும்."

நிஷிவாகி எழுந்து குனிந்து வணங்கிவிட்டுத் தன் மேஜைக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் இழுப்பறையைத் திறந்து சாமான்களை ஒழுங்குபடுத்துவது தெரிந்தது.

காகிதம் எங்கே இருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். இரண்டாம் மாடிக் கிடங்கில், மேல் தட்டில், மிகான் பழப் பெட்டி ஒன்றில். அதைக் கட்டி வைத்தவளே ரிட்சுகோதான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குப் போனாள். பெட்டியை இறக்கியதும் தூசியில் தும்மல் வந்தது. முந்நூற்றுச் சொச்சம் விண்ணப்பங்கள், ஒவ்வொன்றோடும் ஒரு வட்டு. சேர்ந்த முதல் வாரத்தில் அவளிடம் கொடுத்த வேலை அது: வெளியிலிருந்து வந்த ஒலிகளைக் கேட்டு இருபது தேர்ந்தெடு, நான்கு நாளில். முந்நூறு பேரின் ஒலிகளை நான்கு நாளில் யாரால் கேட்க முடியும்? ஆளுக்கு ஒன்றிரண்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளினாள். காகிதத்தின் விளிம்புகளைப் புரட்டப் புரட்ட, மறந்திருந்த ஒன்று கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தது. கம்பெனியின் வெற்றுக் கோப்பு காதைக் கிழித்தது. ஒரு வட்டில் இருந்த ஒலி விரலுக்கு அவ்வளவு இதமாகத் திறந்தது. அதன் வளைவை மட்டும் வைத்துக்கொண்டு முதல் இரண்டு ஆசிலேட்டர்களின் அலைகளை மாற்றி, 'வெற்று-ரி' என்று சேமித்தாள். மூன்றாவது ஆசிலேட்டரின் சத்தம் பூஜ்யத்தில் இருந்ததால் அதைக் கவனிக்கவே இல்லை. அப்போது அது திருட்டாகத் தோன்றவில்லை. பழக ஒரு கோப்பு வேண்டியிருந்தது, எடுத்தாள். பிறகு அதிலிருந்து ஒன்று செய்தாள், இன்னொன்று செய்தாள், பெயர் வந்தது.

இருநூற்று முப்பத்தொன்று. நிஷிவாகி கான்ஜி, பியானோ சுதி சேர்ப்பவர். ஒலிகள்: நாற்பது. கீழே முடிவு என்ற கட்டத்தில், அவளுடைய கையெழுத்தில், இருபத்தொன்பது வயதின் அவசரத்தில் எழுதியிருந்தது: 'தனித்தன்மை இல்லை.' அதன்மேல் வட்டமாகச் சிவப்பில், குவபாரா.

கிடங்கின் மூலையில் காகிதம் அரைக்கும் இயந்திரம் இருந்தது. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஷாச்சோ கேட்கவும் மாட்டார், அவள் வார்த்தையே போதும் என்று சொல்லிவிட்டார். மூன்று பதிப்புகளின் வாசல், பத்திரிகைகளில் வந்த பெயர், புதிதாக வருகிறவர்கள் அவளைப் பார்க்கும் பார்வை எல்லாம் ஒரு தாளின் அகலத்தில் நின்றுகொண்டிருந்தன. அவள் இயந்திரத்தின் அருகே போய் நிற்கவே செய்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் கதை சொல்கிறவனுக்கு அழகில்லை. நின்று, தாளின் நுனியை இயந்திரத்தின் வாயில் வைத்துப் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வாரமாக அவனைக் கள்ளன் என்று எந்தக் கண்ணால் பார்த்தாளோ, அதே கண்ணால் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு அவள்தான் கடைசியாக உள்ளே வந்தாள். தாளை மேஜையின் நடுவில் வைத்தாள். மிசோகுச்சி படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சேனா எட்டிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

"புகாரைத் திருப்பி எடுத்துக்கறேன்" என்றாள் ரிட்சுகோ. "கள்ளத்தனம் நடந்தது உண்மைதான். ஆள்தான் மாறிப்போச்சு. வாசல் ஒலி அவரோடது. முந்தின மூணும்கூட..." இடுப்புவரை குனிந்து அப்படியே நின்றாள்.

நிஷிவாகி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த வரியை விரலால் தொட்டார். கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கடிதத்துல பேர் போடாம இதே வரி இருந்துது" என்றார். "பன்னிரண்டு வருஷமா ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன். இதை எழுதினவங்க நாப்பதையும் கேட்டாங்களா?"

ரிட்சுகோ நிமிர்ந்தாள். "இல்ல. ஒண்ணுதான் கேட்டேன்."

"எதை?"

அவள் விசைப்பலகையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தன் வெற்றுக் கோப்பைத் திறந்தாள். பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறையும் தொடாத மூன்றாவது ஆசிலேட்டரின் குமிழைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, நடு 'லா'வை அழுத்தினாள். ஒலி சற்றே கோணலாக, இரண்டு கம்பிகள் நேராகவும் ஒன்று தளர்ந்தும் நடுங்குவதுபோல் எழுந்து அறையில் நின்றது.

நிஷிவாகி நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்றார்.